ஆண்டு விழாவுக்கு என்ன போடலாம்?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் தொடங்கிவிடும் அந்தப் பேச்சு. பரீட்சைக்கு முன்னால் ஆண்டு விழாவை முடித்தாக வேண்டும். எந்த வகுப்புக்கு எந்த நிகழ்ச்சி? ஒரு டீச்சர் போனில் பாட்டை ஓடவிடுகிறார், அந்த வருடம் சக்கைபோடு போட்ட குத்துப்பாட்டு. “அதை ஏழாம் வகுப்பு ‘பி’ எடுத்தாச்சே டீச்சர்” என்கிறது மூலையிலிருந்து ஒரு குரல். அரைமணி நேரத்தில் பட்டியல் தயார். ஐந்து சினிமாப் பாட்டு, ஒரு தேசபக்திப் பாட்டு, ஒரு ‘கிராமிய நடனம்’, மரம் வளர்ப்பது பற்றிப் பத்து நிமிட நாடகம். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் பட்டியலில் பெரிய மாற்றம் இருக்காது.

தோவாளையில் மட்டும் இந்தப் பட்டியல் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. பூச்சந்தையால் பெயர் பெற்ற இந்த ஊரையும் இதன் சுற்றுவட்டாரத்தையும் போல, மேடைக்கான சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் குவிந்துகிடக்கும் இடங்கள் குறைவு. வில்லுப்பாட்டில் பேரெடுத்த தோவாளை சுந்தரம் பிள்ளையின் ஊர் இது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கொட்டகையையே பள்ளிக்கூடமாகக் கொண்டு வளர்ந்தவர். தோவாளை தாலுகாவின் தலைமையிடமான பூதப்பாண்டி, ஜீவா என்கிற ப.ஜீவானந்தம் 1907-ல் பிறந்த ஊர். நாகர்கோவிலைச் சுற்றித் தோல்பாவைக்கூத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றன. களியலாட்டமும் கணியான் கூத்தும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இத்தனையும் இருக்க, பென் டிரைவில் வரும் பாட்டுக்கு ஏன் இத்தனை அவசரம்?

அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாட்டு ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஸ்டெப் யூடியூபில் கிடைக்கிறது. டிரஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. எழுத வேண்டியதில்லை, மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை. பாடம் நடத்தவே நேரம் போதாத ஓர் ஆசிரியரை இதற்காகக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளும் ஆசைப்பட்டுத்தான் ஆடுகிறார்கள். ஒன்றிரண்டு சினிமாப் பாட்டால் எந்தப் பள்ளியும் கெட்டுவிடப் போவதில்லை. ஆனால் ஆடத் தெரிந்த எட்டுப் பேர் மேடையில் இருக்க, மீதி முப்பது பேர் கீழே உட்கார்ந்து கைதட்டுவதை ‘வகுப்பு நிகழ்ச்சி’ என்று எப்படிச் சொல்வது? பாட்டு நல்லதா கெட்டதா என்ற வழக்கமான சண்டையைவிட இந்தக் கணக்குத்தான் முக்கியம். எந்த நிகழ்ச்சி என்று முடிவு செய்வதற்கு முன்னால், அதில் எத்தனை பிள்ளைகள் வாய் திறப்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒரே இரவில் ஒரு நாடகம்

பிள்ளைக்கு ஏற்ற நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதற்குத் தமிழ் மேடையில் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். முழுக்க முழுக்கச் சிறுவர்கள் நடித்த கம்பெனி அது. சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு ஆறு வயதுதான். அந்தச் சிறுவனின் குரலையும் நினைவாற்றலையும் கண்ட சுவாமிகள், அவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். நான்கு மணி நேரம் ஓடக்கூடிய, பாடல்கள் நிறைந்த நாடகம். பின்னாளில் ‘ஔவை’ சண்முகம் என்று புகழ்பெற்ற டி.கே.சண்முகம், இதைத் தன் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இன்றைய பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். நாடகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதில் பொருந்தும் பிள்ளையைத் தேடுகிறோம். கட்டபொம்மன் என்றால் உரத்த குரல் உள்ளவன், பாரதமாதா என்றால் சிவந்த பெண். (இந்த இரண்டாவது தேர்வைப் பற்றி எந்தப் பள்ளியிலும் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.) ஒரே இரவில் நாடகம் எழுதுவது எல்லோராலும் ஆகாது. ஆனால் வகுப்பில் யாருக்குக் குரல் இருக்கிறது, யாருக்குத் தாளம் வருகிறது, யார் மிமிக்ரி செய்கிறான், மேடை ஏறினாலே யார் நடுங்குகிறாள் என்பது வகுப்பாசிரியருக்கு மனப்பாடம். தேர்வு அங்கிருந்து தொடங்கலாம்.

சண்முகம் சகோதரர்கள் 1925-ல் திருவனந்தபுரத்தில் தனிக் கம்பெனி தொடங்கியபோது, அதில் வந்து சேர்ந்தவர்தான் என்.எஸ்.கிருஷ்ணன். வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்த அவர், 1949-ல் ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபத்தைக் கொண்டுவந்தார். நந்தனார் கோயிலுக்குள் போக ஏங்கிய கதையை, ஓர் ஏழைப் பையன் படிக்க ஏங்கும் கதையாக மாற்றிய கேலிக் கச்சேரி அது. பழைய வடிவம், புதிய சங்கதி. பள்ளி மேடைக்கு இதைவிட நல்ல சூத்திரம் கிடையாது.

வில் எப்படி வேலை செய்கிறது?

நாஞ்சில் நாட்டுப் பள்ளிக்கு ஒரு கலையை மட்டும் சிபாரிசு செய்யச் சொன்னால், தயங்காமல் வில்லுப்பாட்டைச் சொல்லலாம். ஊர்ப்பெருமைக்காகச் சொல்வதல்ல. பள்ளிக்கூடத்தின் நடைமுறைக் கஷ்டங்களுக்கு அந்த வடிவத்திலேயே பதில் இருக்கிறது.

மணிகள் கட்டிய நீண்ட வில் நடுவில். அதன் பின்னால் தலைமைப் பாடகரான புலவர், இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டியபடி பாடுகிறார். வில்லோடு சேர்த்து வைத்த மண்குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் ஒருவர் அடிக்கிறார். உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று ஆளுக்கொரு கருவி. புலவர் ஒரு வரி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள். அவர் கதை சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார், கேள்வி கேட்பார், கிண்டலும் செய்வார்.

இதில் பள்ளிக்கு என்ன லாபம்? மேடையில் நிற்கும் பிள்ளைக்கு வசனம் மறந்துபோனால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். வில்லுப்பாட்டில் நிற்காது. புலவராக இருக்கும் பிள்ளை அடுத்த வரியை யோசிக்கும் நேரத்தில் பின்பாட்டு முந்தைய வரியை இன்னொரு தடவை பாடிக்கொண்டிருக்கும். ‘ஆமா’ போடும் பையன் சமயோசிதமாக ஒரு கேள்வியைக் கேட்டு அடி எடுத்துக் கொடுக்கலாம். மேடையில் பேசக் கூச்சப்படும் பிள்ளை குடம் அடிக்கலாம், ஜால்ரா தட்டலாம். ஏழெட்டுப் பேர் வில்லைச் சுற்றி என்றால், பின்னால் இருபது பேர் கோரஸ்.

இன்னொன்று, மைக். பள்ளி நாடகம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பன்னிரண்டு நடிகர்கள், ஒரே ஒரு கார்ட்லெஸ் மைக். ராஜா பேசி முடித்ததும் மைக்கை மந்திரியிடம் நீட்டுகிறார், மந்திரி பேசிவிட்டு அதை எதிரி நாட்டு ராஜாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார், போர்க்களத்தில் செத்து விழுந்தவன் படுத்தபடியே மைக்கை வாங்கி அடுத்தவனுக்குக் கடத்துகிறான். வில்லுப்பாட்டுக்கு இரண்டு ஸ்டாண்டு மைக் போதும். எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள்.

தோவாளைக்காரர்களுக்கு இதில் கூடுதல் நியாயமும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று காற்றாலைகளுக்கு நல்லது, திறந்தவெளி நாடகத்துக்கு எதிரி. திரைச்சீலை பறக்கும், கிரீடம் கழன்று ஓடும், பேசுவதில் பாதி காற்றோடு போகும். சுதந்திர தின விழாவுக்கு மைதானத்தில் நாடகம் போட்டுப் பார்த்த பள்ளிகளுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். உட்கார்ந்து பாடும் கலைக்கு அந்தப் பயம் குறைவு.

பெண் பிள்ளைகள் புலவராக இருக்கலாமா என்று யாராவது இழுத்தால், அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பூங்கனி அம்மாளின் பெயரைச் சொல்லலாம். சின்ன வயதிலேயே வில்லைக் கையில் எடுத்து, கோயில் கொடைகளில் பல பத்தாண்டுகள் பாடிய அவர் 2018-ல் காலமானார். குமரி மாவட்டத்தில் அவர் பாட்டைக் கேட்டவர்கள் இன்னமும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எதை எடுக்கக்கூடாது

ஊர்க்கலை என்றாலே கண்ணை மூடிக்கொண்டு மேடையேற்றலாம் என்று அர்த்தமல்ல. கொடை விழாவின் வில்லுப்பாட்டு வேறு, பள்ளி வில்லுப்பாட்டு வேறு. பங்குனி, சித்திரை, வைகாசிக் கொடைகளில் பாடப்படும் சுடலைமாடன் கதையும் நீலி கதையும் தோட்டுக்காரி அம்மன் கதையும் கொலையும் பழியுமான கதைகள். 1970-களின் கடைசியில் இந்த வட்டாரத்தில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், சாமி வந்து ஆடுவது இந்தச் சாவுக் கதைகளோடுதான் நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது என்று காட்டினார். உடுக்கை வேகம் பிடித்தால் கூட்டத்தில் யாருக்காவது அருள் வருவது கொடையில் சகஜம், பள்ளி ஆண்டு விழாவில் அது ஏழாம் வகுப்புப் பிள்ளை சமாளிக்கிற விஷயமல்ல. கணியான் கூத்தின் சடங்குப் பகுதிகளும் அப்படியே. அது ஒரு சமூகத்தின் வழிபாட்டு உரிமை. அதன் தோல்கருவியான மகுடத்தின் தாளத்தைக் கலைஞரிடமே கேட்டுக் கற்கலாம், சடங்கை வேஷமாக்கக் கூடாது.

விடிய விடிய நடக்கும் கலையைப் பள்ளி மேடைக்கு எப்படிச் சுருக்குவது? இலங்கையில் இதற்கு ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு.வித்தியானந்தன், மட்டக்களப்பில் இரவு முழுக்க ஆடப்பட்ட வடமோடிக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடைக்கேற்றபடி செறிவாக்கினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று அடுத்தடுத்து வந்தன. அவற்றில் ஆடிய மாணவர் சி.மௌனகுரு, பிறகு ஈழத்து அரங்கின் பெரிய ஆளுமைகளில் ஒருவரானார். ஆட்டத்தையும் தாளத்தையும் அவர்கள் கைவிடவில்லை, திரும்பத் திரும்ப வருவதைத்தான் வெட்டினார்கள். பதினைந்து நிமிட வில்லுப்பாட்டுக்கும் அதே கத்திரி போதும்.

கதைக்குப் பஞ்சமா?

தோவாளையிலிருந்து ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் முப்பந்தல். பாரியின் மகள்கள் அங்கவை, சங்கவைக்கு ஔவையார் முன்னின்று திருமணம் நடத்தியபோது மூவேந்தர்களும் ஆளுக்கொரு பந்தல் போட்ட இடம் என்று ஊர்ப்பேச்சு. இன்று அங்கே காற்றாலைகள் சுற்றுகின்றன. பக்கத்துத் தாழக்குடியில் ஔவையாரம்மன் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாயில் பெண்கள் கூடிக் கொழுக்கட்டை அவித்துப் படைக்கிறார்கள். நாற்பது பேர் உள்ள ஒரு தொடக்கப்பள்ளி வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் எங்கே கிடைக்கும்? சேரன் பந்தல், சோழன் பந்தல், பாண்டியன் பந்தல் என்று மூன்று கோஷ்டி. யார் பந்தல் பெரிது என்று போட்டி. நடுவில் கோலூன்றிய ஒரு பாட்டி எல்லோரையும் அதட்டி வேலை வாங்குகிறாள். வாழைமரம் சுமப்பவன், பூத்தொடுப்பவள், சமையல்காரன், மேளக்காரன் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை, ஒரு வரி.

மூன்று ராஜாக்களுக்கும் மாலை வேண்டுமே! அதற்கு வாடகைக் கடைக்குப் போக வேண்டாம். அரளி இதழ்களையும் நொச்சி இலையையும் மடித்து, ரத்தினம் பதித்ததுபோல் பட்டையாகக் கட்டும் தோவாளை மாணிக்கமாலை 2025-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதைக் கட்டும் கை இந்த ஊரில்தான் இருக்கிறது. கட்டுகிறவரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் செய்தால், நாடகத்துக்கு மாலையும் ஆயிற்று, கைத்தொழில் வகுப்பும் ஆயிற்று.

உயர்நிலை வகுப்புகளுக்கு வேறு கதைகள் உண்டு. பெருஞ்சிரத்தையோடு பேச்சிப்பாறை அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அந்த அணைப்பக்கமே அடக்கமாகியிருக்கிறார். 1906-ல் முடிந்த அந்த அணையின் தண்ணீர் கால்வாய்களில் ஓடித்தான் நாஞ்சில் வயல்கள் விளைந்தன. 1927-ல் சிராவயல் ஆசிரமத்துக்குக் காந்தி வந்து ஜீவாவைச் சந்தித்தது இரண்டே நடிகர்களை வைத்துப் போடக்கூடிய காட்சி. மனோன்மணீயம் சுந்தரனார் 1891-ல் வெளியிட்ட நாடகத்தில் சேரனுக்கும் பாண்டியனுக்கும் இடையே வழக்காக நிற்பது இந்த நாஞ்சில் நாடுதான். அதே நாடகத்திலிருந்து எடுத்த தமிழ்த்தாய் வாழ்த்தை நாள்தோறும் பாடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? முழு நாடகமும் செய்யுளாக இருப்பதால் மேடைக்குக் கடினம். குடிலனின் சூழ்ச்சிக் காட்சி ஒன்றை மட்டும் பேச்சுத்தமிழில் மாற்றினால் பதினோராம் வகுப்பு வெளுத்துக்கட்டிவிடும்.

பரிசு என்ற பேய்

2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியதும் இந்தத் தேர்வுக்குப் புதிய அவசரம் வந்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. முதலிடம் பிடித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். பறை, கரகம், வில்லுப்பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் போட்டிப் பட்டியலில் இடம்பெற்றது நல்ல காரியம். 2024-25-ல் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. அதே ஆண்டில் அரசுப் பள்ளிகள் ஆண்டு விழா நடத்தத் தனியாக நிதியும் ஒதுக்கப்பட்டது.

ஆனால் பக்கத்து வீட்டு அனுபவத்தையும் பார்க்க வேண்டும். குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. மூன்றே மாதத்துக்குள், 1957 ஜனவரியில், எர்ணாகுளத்தில் கேரளத்தின் முதல் பள்ளிக் கலோத்சவம் நடந்தது. அடுத்த ஆண்டுப் போட்டியில் கே.ஜே.யேசுதாஸ் பாட்டிலும் பி.ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் முதல் பரிசு வாங்கினார்கள். அவ்வளவு பெருமைக்குரிய மேடை. 1986-ல் அங்கே கலாபிரதிபா, கலாதிலகம் பட்டங்கள் வந்தன. நடன உடைக்கும் நட்டுவனாருக்கும் பெற்றோர் கடன் வாங்கிச் செலவழிப்பதும், தோற்றவர்கள் அப்பீல் போட்டு நீதிமன்றப் படியேறுவதும் வழக்கமானதும், அந்தப் பட்டங்களைப் பிற்பாடு கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் இறக்கி வைத்ததை இங்கே ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அதே கேரளத்தில் 2025 ஜனவரித் திருவனந்தபுரம் கலோத்சவத்தில் பணியர், இருளர், பளியர் உள்ளிட்ட பழங்குடி மக்களின் ஐந்து ஆட்டங்கள் முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன. பின்பற்ற வேண்டியது இதைத்தான்.

சட்டத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னிலையில் பள்ளிக்குள் போடும் நாடகத்துக்கும் பாட்டுக்கும் 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. பேச்சாளர்களின் நீளத்தால் விழா இழுத்துக்கொண்டே போய், கடைசி வகுப்பின் நாடகம் வெட்டுப்படும் ஊர்களில் இந்த விதியைச் சிறப்பு விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கருத்துச் சொல்லும் நாடகம் என்றால் துணிச்சலும் நிதானமும் சேர்ந்து வேண்டும். 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றி ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் போட்ட ஒரு நாடகத்துக்காகத் தேசத்துரோக வழக்கே பாய்ந்தது. தலைமையாசிரியையும் ஒரு மாணவியின் தாயும் சிறைக்குப் போனார்கள். 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதற்குப் பயந்து எல்லாப் பள்ளிகளும் மரம் நடும் நாடகத்துக்குள் ஒளிந்துகொள்ளத் தேவையில்லை. பிள்ளைகள் தாங்களே யோசித்துக் கேட்கும் கேள்வியா, பெரியவர்கள் வாயில் திணித்த வசனமா என்று பார்த்துக்கொண்டால் போதும். பூச்சந்தையில் விலை விழுந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று தோவாளைப் பிள்ளைக்கு யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

தேதியைக் குறிக்கும்போதும் அந்தச் சந்தையை நினைவில் வைக்க வேண்டும். விடிவதற்கு முன்பே எழுந்து பூவோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கு முகூர்த்த நாள் மாலையில் விழா வைத்தால் யாரும் வர முடியாது. ஆவணியில், ஓணத்தை ஒட்டிய வாரத்தில், ஊர் முழுக்கக் கேரளத்துக்குப் பூ அனுப்பிக்கொண்டிருக்கும்.

கடைசியாகத் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த முறை ஆண்டு விழாக் கூட்டம் போடும்போது டான்ஸ் மாஸ்டருக்குப் போன் செய்வதற்கு முன்னால், பக்கத்து ஊர் வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் கொடைக்காலம் சூடு பிடித்திருக்காது, பெரும்பாலும் வருவார். ஒரு மாதம், வாரம் இரண்டு நாள் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், மாஸ்டருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தையும் போக்குவரத்துச் செலவையும் அவருக்கும் கொடுங்கள்.